விடுப்பில் இருந்தபோது வந்த சம்பளம்: மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கேட்டால்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செபராங் பிறையில் ஒரு கூட்டரசு அலுவலகத்தில் நிர்வாக உதவியாளராக வேலை. 2022-இல் அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார், கிடைத்தது. பிறகு ஈப்போவிலிருந்து அக்காள் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதால், ஒரு வாரம் முன்னதாகவே, ஜூலை 25 திங்கட்கிழமை, வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அந்த இரண்டு மாதமும் சம்பளம் முழுசாக வங்கியில் விழுந்திருக்கிறது.

இப்போது, 2025 ஆகஸ்ட்டில், அலுவலகத்திலிருந்து கடிதம். கணக்காய்வில் கண்டுபிடித்தார்களாம். கூடுதலாகக் கொடுக்கப்பட்ட சம்பளம் 6,200 ரிங்கிட். 14 நாளில் கட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் மாதம் 1,550 ரிங்கிட் வீதம் நான்கு மாதத்துக்குச் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறது கடிதம். கூடவே கையெழுத்துப் போட ஒரு ஒப்புதல் படிவமும் இருக்கிறது.

வாசகி எழுதுகிறார்: “சார், தப்பு அவங்க பண்ணினது. நான் எதுக்குக் கட்டணும்? தமிழ்நாட்டுல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, கீழ்நிலை ஊழியர்கிட்ட வசூல் பண்ணவே முடியாதுன்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வீடியோ வந்துச்சு. என் வீட்டுக்காரர் பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரியில இருக்காரு, மூணு மாசத்துக்கு மேல போன பணத்தை முதலாளி பிடிக்க முடியாதுன்னு சொல்றாரு. ஒழுங்கு நடவடிக்கை எடுத்துடுவாங்களோன்னு வேற பயமா இருக்கு. அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடலாமா?”

கையெழுத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 14 நாளில் பாதி ஓடியிருக்கும். இப்போதைக்குப் போடாதீர்கள். அதே சமயம் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுச் சும்மாவும் இருக்காதீர்கள். இன்றைக்கே நான்கு வரியில் ஒரு பதில் எழுதுங்கள்: கடிதம் கிடைத்தது, தொகையைச் சரிபார்க்கிறேன், அதற்கு இந்த ஆவணங்கள் வேண்டும், 30 நாள் அவகாசம் வேண்டும், அதுவரை பிடித்தம் தொடங்க வேண்டாம். அவ்வளவு போதும். என்னென்ன ஆவணம் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது அவருக்குச் சரி, உங்களுக்குப் பொருந்தாது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் அந்த விதி இருக்கிறது. முதலாளி தவறுதலாகக் கூடுதல் சம்பளம் கொடுத்திருந்தால், பிடிக்கும் மாதத்துக்கு முந்தைய மூன்று மாதத்தில் கொடுத்ததை மட்டுமே தானாகக் கழிக்கலாம். அது தனியார் துறைத் தொழிலாளருக்கு எழுதிய சட்டம், அரசு ஊழியருக்கு அது கிடையாது. உங்களுக்கு விடுப்பென்றால் பொது ஆணைகளின் சி அத்தியாயம், பணமென்றால் கருவூல விதிகள், நடத்தையென்றால் 1993-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள். இன்னொன்று, தனியார் துறையிலும்கூட அந்த மூன்று மாத விதி தடுப்பது சம்பளத்தில் நேரடியாகக் கழிப்பதை மட்டுந்தான். கடன் அழிந்துவிட்டதாக அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. வழக்குப் போட்டு வாங்கும் வழி முதலாளிக்குத் திறந்தே இருக்கிறது. பலரும் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டு வீடியோவுக்கு வருவோம். தீர்ப்பு உண்மைதான். 2014 டிசம்பர் 18 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மாநில அரசு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சொன்னது. அதில் ஐந்து சூழ்நிலைகளைக் குறிப்பிட்டார்கள். மூன்றாம், நான்காம் நிலை ஊழியர், ஓய்வு பெற்றவர் அல்லது ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர், ஐந்து வருடத்துக்கு மேலாகக் கொடுத்து வந்த கூடுதல் தொகை என்று பட்டியல் போகும். அதற்குள் வந்தால் வசூல் கூடாது. அங்கே ஆயிரக்கணக்கான ஊழியருக்கு அது நிம்மதி தந்த தீர்ப்பு. ஆனால் அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் இந்தியாவோடு முடிகிறது. நம் நீதிமன்றத்தில் அதை எடுத்துக்காட்டலாம், நீதிபதி மரியாதையோடு கேட்பார், கட்டுப்பட மாட்டார். அதோடு வீடியோவில் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. 2016-இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், ‘கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர் பிறகு மாற்றிப் பேச முடியாது என்று சொல்லிவிட்டது. அங்கேயும் கடைசியில் கையெழுத்தில்தான் வந்து நிற்கிறது.

இங்கே நம் சட்டம் என்ன சொல்கிறது? 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 73-ஆம் பிரிவு. ஒரே ஒரு வாக்கியம். தவறுதலாகவோ கட்டாயத்தினாலோ ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டால் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும். ‘யாருடைய தவறு’ என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. கொடுத்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதால் வாங்கியவருக்கு உரிமை வந்துவிடாது. ஆகவே “தப்பு அவங்க பண்ணினது, நான் எதுக்குக் கட்டணும்” என்ற வாதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனால் தோற்றுத்தான் வருவீர்கள். நீங்கள் வேலை செய்யாத நாளுக்கு, சம்பளம் வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த நாளுக்கு வந்த பணம் அது. இதை உங்களுக்கு இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

காலாவதி கைகொடுக்குமா என்று கேட்பீர்கள். 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட வழக்குக்கு ஆறு வருடம். அரசாங்கம் தொடுக்கும் வழக்குக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். 2022-லிருந்து எண்ணினாலும் 2028 வரை போகிறது. தவறுதலாகக் கொடுத்த பணம் என்றால், தவறு தெரியவந்த நாளிலிருந்து, அல்லது கொஞ்சம் அக்கறையாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும். அந்தக் கதவு உங்களுக்கு இப்போது திறக்காது.

சரி, அப்படியானால் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானா? அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் படித்தபோது என் பேனா ஓர் இடத்தில் நின்றது. “ஜூலை 25 வேலைக்குப் போயிட்டேன்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அலுவலகம் கேட்பதோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, முழுசாக இரண்டு மாதம்.

கணக்கைப் பாருங்கள். அப்போது உங்கள் மாதச் சம்பளம், படிகள் எல்லாம் சேர்த்து, 3,100 ரிங்கிட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூலைக்கு 31 நாள். ஒரு நாளுக்கு 100 ரிங்கிட். ஜூலை 25 முதல் 31 வரை ஏழு நாள். 700 ரிங்கிட் நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது. அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆக, கேட்க வேண்டிய தொகை அதிகபட்சம் 5,500.

என் அப்பா அந்தக் காலத்தில் அரசாங்க அலுவலகத்தில் சம்பளக் கிராணி. மாதத்தின் நடுவில் சம்பளப் பட்டியலை மூடுவார்கள். மூடிய பிறகு யாராவது ‘கியூ லாப்பான்’, அதாவது கியூ 8, கொண்டு வந்து நீட்டினால் அன்றைக்கு இரவு சாப்பாட்டு மேசையிலும் அதே புலம்பல்தான். வெளியாருக்காகச் சொல்கிறேன்: கியூ 8 என்பது ஓர் ஊழியரின் சம்பளத்தில் மாற்றம் வந்தால் அலுவலகம் தயாரிக்கும் படிவம். விடுப்பில் போனால் ஒன்று, திரும்பி வந்தால் ஒன்று. இது போகாமல் சம்பளப் பிரிவுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருப்பது கணினிக்கு எப்படித் தெரியும்? விடுப்பை ஒப்புக்கொள்வது ஒரு மேசை, கியூ 8 தயாரிப்பது ஒரு மேசை, சம்பளம் போடுவது வேறொரு கட்டடம். உங்கள் விஷயத்தில் போகும்போது தயாரிக்க வேண்டிய கியூ 8 போகவே இல்லை என்று தோன்றுகிறது. அதனால் திரும்பி வந்ததற்கும் ஒன்று இருக்க வாய்ப்பில்லை. மூன்று வருடம் கழித்து வந்த கணக்காய்வாளர் கையில் இருந்தது விடுப்பு விண்ணப்பம் மட்டுந்தான். அதில் ஜூலை 31 என்று இருக்கிறது, அவரும் ஜூலை 31 வரை கணக்குப் போட்டுவிட்டார்.

இந்த ஏழு நாளை வெறும் 700 வெள்ளி என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர். சம்பளமில்லா விடுப்பில் இருந்த நாள்கள் பொதுவாக ஓய்வூதியத்துக்கான சேவைக் காலத்தில் சேராது. சேவை மாதங்களையும் கடைசிச் சம்பளத்தையும் பெருக்கி 600-ஆல் வகுப்பதுதான் ஓய்வூதியக் கணக்கு. உங்கள் சேவைப் பதிவேட்டில் அந்த ஏழு நாளும் விடுப்பு என்று இப்போது ஏற்றிவிட்டால், ஓய்வு பெறும்போது பைல் திறக்கும் அதிகாரிக்கு 2022-இல் நீங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தது தெரியாது. பணம் மட்டும் சரியாகி, பதிவு தப்பாகவே நின்றுவிடும். அதனால் தொகையைத் திருத்தும்போதே பதிவையும் திருத்தச் சொல்லுங்கள்.

இதற்குத்தான் ஆவணங்கள். 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சம்பளச் சீட்டு மூன்றும் உங்களுக்கே இணையத்தில் எடுக்க முடியும். அலுவலகத்திடம் கேட்க வேண்டியவை: விடுப்பு ஒப்புதல் கடிதம், அது சம்பந்தமாகத் தயாரித்த கியூ 8 எத்தனை இருக்கிறதோ அத்தனையும், எச்ஆர்எம்ஐஎஸ் என்ற அரசு ஊழியர் கணினிப் பதிவில் உள்ள விடுப்புப் பதிவின் அச்சு, ஜூலை கடைசி வாரத்தின் வருகைப் பதிவு, 6,200 எப்படி வந்தது என்ற கணக்குத் தாள். கணக்குத் தாளைத் தர மாட்டேன் என்றால், அந்தத் தொகையை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கேட்க அவர்களுக்கு முகம் இருக்காது. வருகைப் பதிவு பழையது, கிடைக்கவில்லை என்று சொல்லக்கூடும். அந்த வாரம் நீங்கள் அனுப்பிய அலுவலக மின்னஞ்சல், கையெழுத்துப் போட்ட கோப்பு, கூட்டக் குறிப்பு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

வரி பிடித்தமும் இருந்திருந்தால் கவனியுங்கள். கூடுதல் சம்பளத்துக்கும் சேர்த்து அந்த வருடம் மாதவரி பிடித்திருப்பார்கள், அலுவலகம் தரும் வருடாந்திர வருமான விவரமான இசி படிவத்திலும் அந்த வருமானம் ஏறியிருக்கும். மொத்தத் தொகையைத் திருப்பிக் கட்டுகிறவர், கையில் வராத வரிக்கும் சேர்த்துக் கட்டுகிறார். திருத்திய இசி படிவம் கேட்டு வாங்கி, வரி அலுவலகத்தில் அந்த ஆண்டுக் கணக்கைத் திருத்த முடியுமா என்று பாருங்கள். வீட்டுக் கடன், கூட்டுறவுக் கடனுக்குப் பிடித்தது வேறு விஷயம். அது உங்கள் கடனைத்தான் அடைத்தது, உங்கள் கைக்கு வந்ததாகத்தான் கணக்கு.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். மூன்றாம் பக்கத்தில், மடித்து வைத்த மாதிரி, ஒரு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். ஜூன் சம்பளம் வந்ததும் உங்களுக்கே சந்தேகம் வந்து, அலுவலகத்தில் சம்பள விவகாரம் பார்த்த அம்மையாருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள்: “காக், காஜி ஜூன் மாசுக் பெனு, பெத்துல் கெ?” அக்கா (மலாயில் ‘காக்’), ஜூன் சம்பளம் முழுசாக வந்திருக்கிறது, சரிதானா என்று. அவர் பதில் போட்டிருக்கிறார்: “ஓகே டிக், டா எட்ஜஸ்.” சரிசெய்தாகிவிட்டது தங்கச்சி. மிச்சமிருந்த வருடாந்திர விடுப்பில் கழித்துவிட்டார்கள் போல என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். நினைத்ததில் தப்பே இல்லை.

அந்தச் செய்தி இன்னும் போனில் இருக்கிறதென்றால், போனை மாற்றும் எண்ணம் இருந்தாலும் ஒத்திப் போடுங்கள். தேதி, நேரம், எண் தெரியும்படி படம் எடுத்து, உரையாடல் முழுவதையும் தனியே சேமித்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

அதன் மதிப்பு என்னவென்று புரிய இரண்டு பழைய இங்கிலாந்து வழக்குகளைச் சொல்கிறேன். 1949-இல் லண்டன் கவுண்டி மன்றத்தின் ஊழியர் ஒருவர். போருக்கு விமானப் படையில் போயிருந்தார். படைச் சம்பளத்துக்கும் பழைய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மன்றம் கொடுத்து வந்தது. படையில் சம்பளம் கூடியதை அவர் சொல்லவில்லை. கூடுதலாக வந்ததைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 1983-இல் ஏவன் கவுண்டி மன்றம் ஓர் ஆசிரியர் மீது தொடுத்த வழக்கு நேர்மாறு. அடிபட்டு நீண்ட நோய் விடுப்பில் இருந்தவருக்கு, குறைக்க வேண்டிய சம்பளத்தைக் குறைக்காமல் 1,007 பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, விசாரித்தார். சரியாகத்தான் வருகிறது என்பது போன்ற பதிலே கிடைத்தது. நம்பிச் செலவும் செய்துவிட்டார். திருப்பித் தர வேண்டியதில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம், ஒருவர் கேட்டார், மற்றவர் கேட்கவில்லை. நீங்கள் கேட்டவர்.

இதை வைத்து முழுத் தொகையும் தள்ளுபடியாகிவிடும் என்று துள்ளிக் குதிக்காதீர்கள். 1956 ஏப்ரல் 7-க்குப் பிறகு வந்த ஆங்கிலத் தீர்ப்புகள் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதில்லை, குடிமைச் சட்டம் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறது. இங்கிலாந்திலேயே 1991-க்குப் பிறகு போக்கு மாறிவிட்டது. நம்பி எவ்வளவு கூடுதலாகச் செலவு செய்தாரோ அந்த அளவுக்கு மட்டும் விலக்கு என்ற நிலைக்கு வந்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு நில விற்பனை வழக்கில், நியாயமில்லாமல் ஒருவரிடம் சேர்ந்த ஆதாயத்தைத் திருப்பும் சட்டத்தைத் தனிக் கிளையாக ஏற்றுக்கொண்டது. அதனால் இந்த வாதத்துக்கு இங்கேயும் இடம் உண்டு என்பது என் கருத்து. எவ்வளவு தூரம் எடுபடும் என்பது நீதிபதி முன்னால் நிற்கும் நாளில்தான் தெரியும். ஆனால் நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகப் போவதில்லை. பேசித் தீர்க்கப் போகிறீர்கள். பேச்சில் இது நல்ல ஆயுதம்.

ஆயுதத்தைத் தீட்டும் விதம் இருக்கிறது. “பணம் செலவாகிப் போச்சு” என்றால் போதாது. வீட்டுக் கடனும் மளிகையும் பெட்ரோலும் சம்பளம் வராவிட்டாலும் கட்டியிருப்பீர்கள், கடன் வாங்கியாவது. சம்பளம் வந்ததால் மட்டுமே செய்த செலவு எது? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோவை ஜூனோடு நிறுத்திவிட நினைத்திருந்தீர்கள். சம்பளம் வந்தது, அந்த அம்மையாரும் ஓகே என்றார், அதனால் இன்னும் 12 முறை வரச் சொன்னீர்கள். முறைக்கு 120 ரிங்கிட். 1,440. ரசீது இருந்தால் அதுதான் உங்கள் கேள்வியின் இதயம். 5,500-இல் இதைக் கழித்து 4,060-க்கு முடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். ஒப்புக்கொள்வார்களா? உங்கள் அலுவலகத் தலைவர் நல்ல மனிதராக இருந்தாலும், ‘போகட்டும் விடு’ என்று வாயால் சொல்லி முடிக்க அவரால் ஆகாது. அரசுக்கு வர வேண்டிய பணத்தைக் கணக்கிலிருந்து எடுப்பதற்கு ஹாப்புஸ் கிரா என்று தனி நடைமுறை இருக்கிறது, அது கருவூல அதிகாரத்தின் கீழ் வருவது. மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இங்கே ஒரு சங்கடத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காக் உங்களுக்கு நல்லவராக இருந்தவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், அவரை மாட்டிவிட மனமில்லை என்று. உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1957-ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, முறையில்லாமல் பொதுப் பணம் வெளியேறக் காரணமாக இருந்த அதிகாரியிடமே சுர்சார்ஜ் என்ற ஈட்டுத் தொகை போட்டு வசூலிக்கலாம், இப்போது பதவியில் இல்லாதவராக இருந்தாலும். உங்கள் அலுவலகம் இப்போது இவ்வளவு அவசரப்படுவதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். கணக்காய்வுக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், உங்களிடம் வாங்கிவிட்டால் கோப்பை மூடலாம். எனக்குத் தெரிந்த வழி இதுதான்: கடிதத்தில் யார் மீதும் குற்றம் சொல்லாதீர்கள். ‘இந்தத் தேதியில் சம்பளப் பிரிவில் எழுத்து மூலம் விசாரித்தேன், சரியாக இருப்பதாகப் பதில் வந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். படத்தை இணைக்கவும் வேண்டாம், கேட்டால் காட்டலாம். அனுப்புவதற்கு முன்னால் அந்த அம்மையாரை ஒருமுறை போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவருக்கு வேறொருவர் சொல்லித் தெரிவதைவிட நீங்கள் சொல்வது மரியாதை.

ஒழுங்கு நடவடிக்கை பற்றி நீங்கள் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அலுவலகத்தின் தவறால் சம்பளம் வந்தது, நீங்கள் உடனே விசாரித்தீர்கள். இதில் உங்கள் பக்கம் குற்றம் எதுவும் இல்லை. கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால்தான் வம்பு.

இனி, பிடித்தம். உங்கள் கையெழுத்து இல்லாமலே பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒப்புதல் படிவம் அனுப்பியிருக்கிறார்கள் என்பதே, உங்கள் ஒப்புதலோடு செய்யத்தான் விரும்புகிறார்கள் என்பதைக் காட்டுகிறது. ஒப்புதல் இல்லாமலும் பிடிப்போம் என்றால், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்தச் சுற்றறிக்கையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலே இல்லாமல் பிடித்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி சரிதானா என்று பார்க்கச் சொல்லி, கேட்கலாம். அதற்கு முடிவு தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதந்தான். 5,500 ரிங்கிட்டுக்காக அந்தச் செலவைச் செய்யச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதம் என்பது நினைவில் இருக்கட்டும். சங்கத்தில் உறுப்பினர் என்றால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கோப்புகளை, அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸின் இணைப்புச் சங்கங்கள் நிறையவே பார்த்திருக்கும்.

படிவத்தில் இப்போது கையெழுத்து வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அதில் 6,200 என்று அச்சடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் நீங்கள் உழைத்த ஏழு நாளையும் கடனென்று ஒப்புக்கொண்டதாக ஆகும். இரண்டாவது, எழுத்தில் கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், காலவரையறைச் சட்டப்படி அந்த நாளிலிருந்து ஆறு வருடம் புதிதாக ஓடத் தொடங்கும். தொகை திருத்திய பிறகு, தவணை ஒத்துப்போன பிறகு, அந்தத் தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அப்போது தயங்க வேண்டாம்.

தவணைக்கு வருவோம். 2024 டிசம்பரில் வந்த புதிய ஊதிய முறைக்குப் பிறகு இப்போது உங்கள் சம்பளம் 3,400. வீட்டுக் கடன் 780, கூட்டுறவு 640, ஆகப் பிடித்தம் 1,420. கையில் வருவது 1,980. இதில் 1,550 பிடித்தால் மிஞ்சுவது 430. பட்டர்வொர்த்தில் 430 வெள்ளியில் நான்கு மாதம் குடும்பம் நடத்தச் சொல்வது மனிதக் கணக்கே இல்லை. கூட்டுறவுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருப்பார்களே, நினைவிருக்கிறதா? அவர்கள் கேட்கும்படி பிடித்தால் 87 விழுக்காடு ஆகிறது. அந்த வரம்பு கடன் பிடித்தங்களுக்குச் சொன்னது. ஆனாலும் ஊழியர் ஒருவர் நிம்மதியாக வாழ எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று அரசாங்கமே போட்ட கோடு அது. அதை எடுத்து வைத்துப் பேசலாம். மாதம் 250 என்றால் 5,500-ஐ 22 மாதத்தில் முடிக்கலாம், பிடித்தம் 49 விழுக்காட்டில் நிற்கும். உங்கள் கடிதத்தில் இந்த எண்களை ஒரு சிறு கட்டமாகப் போட்டுக் காட்டுங்கள், பக்கம் பக்கமாக வேதனையை எழுத வேண்டாம். அதிகாரி கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார். வட்டி கேட்டால் மறுத்துவிடுங்கள், தாமதம் உங்களால் வந்ததில்லை.

ஒரு வழியை விசாரித்துப் பாருங்கள். அந்த 2022-இல் உங்களிடம் பயன்படுத்தாத வருடாந்திர விடுப்பு எத்தனை நாள் இருந்தது? இருந்திருந்தால், சம்பளமில்லா விடுப்பின் ஒரு பகுதியைப் பின்தேதியிட்டு வருடாந்திர விடுப்பாக மாற்றக் கேட்கலாம். ஒப்புக்கொள்வது அலுவலகத் தலைவர் விருப்பம், கட்டாயம் இல்லை. உங்கள் காக் “எட்ஜஸ்” என்று சொன்னபோது மனதில் நினைத்திருந்ததும் இதுவாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று, ஓய்வு பெறும்போது பணமாக மாற்றிக்கொள்ளச் சேர்த்து வைத்த விடுப்பைத் தொடாதீர்கள். அது உங்கள் கடைசிச் சம்பளத்தையும் நிலையான படிகளையும் வைத்து, ஒரு நாளுக்கு முப்பதில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு வரும் பணம். 2022 சம்பளத்தில் விழுந்த ஒரு நாளைத் தீர்க்க, ஓய்வு பெறும் நாளின் பெரிய சம்பளத்தில் ஒரு நாளைக் கொடுப்பது நஷ்டம்.

பேச்சில் இழுபறி வந்தால் ஜோர்ஜ்டவுனில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, அரசின் சட்ட உதவித் துறையும் இருக்கிறது. சம்பளச் சீட்டோடு போங்கள், தகுதியைப் பார்த்துச் சொல்வார்கள்.

கடிதத்தை மலாயில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டு போய்க் கொடுங்கள். உங்கள் பிரதியில், பெற்றுக்கொண்டதைக் காட்டும் ‘தெரிமா’ முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு மட்டுமே கவுண்டரை விட்டு நகருங்கள். முத்திரை உள்ளே இருக்கிறது, கிராணி சாப்பிடப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்பார்கள். பரவாயில்லை, உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள்.